மூன்று பேர் காப்பாற்றிய அண்ணா

அது கணக்குக் கொப்பி. பல்லாரோச் சந்தை மூலையிலிருந்த கடையில் கோடு போட்ட கொப்பிகள் முடிந்துபோய்க் கட்டம் போட்டவைதான் மிச்சமிருந்தன. மேலட்டையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற டொல்பின் ஒன்று. கடலில் காணாமற்போன மனிதரைப் பற்றி எழுத இந்தக் கண்டறியாத டொல்பின்தானா கிடைத்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாள் அதை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "படம் என்னவாயும் இருக்கட்டும், எழுத இடம் கிடந்தாச் சரி. நான் கேக்கிறன், நீர் எழுதும்" என்றார். அந்தப் பேச்சு என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் பேனையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

மச்சாள் என் ஒரே அண்ணாவின் மனைவி. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் இத்தாலியில், பலேர்மோ நகரத்தில், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி அறையொன்றில் இருந்தோம். பக்கத்து அறையில் மொரீசியஸ் அக்கா. பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம் அவருடையது. முருகன் படத்துக்கு விளக்கேற்றுவார், பொட்டு வைப்பார், ஆனால் தமிழில் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. எங்களோடு இத்தாலியனில்தான் கதைப்பார். மூன்று பேருக்கும் வீட்டுவேலைதான். நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு எசமானியம்மாவின் வீட்டில் கழுவித் துடைத்தேன். மச்சாள் இன்னொரு சிஞ்ஞோராவின் படுக்கையில் விழுந்த தாயைப் பராமரித்தார். அந்த ஊர் வழக்கப்படி எங்களைப் போன்றவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. எங்கள் கலியாணவீடு, பிறந்தநாள், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒன்றரை நாளுக்குள்தான் நடக்கும். அண்ணாவைத் தேடியதும் அதற்குள்தான்.

அண்ணா அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வந்து சேர்வதற்காகக் கப்பலேறினார். கடைசியாக ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் எடுத்து, இன்னும் ஒரு கிழமையில் உங்கள் வாசலில் நிற்பேன், மீன்குழம்பு வைத்து வையுங்கோ என்று பகிடியாகச் சொன்னார். ஒரு கிழமை போயிற்று, ஒரு மாதமும் போயிற்று. பிறகு கதை மெல்ல மெல்லக் கசிந்து வந்தது. பெரிய கப்பலிலிருந்து ஆட்களை இறக்கி ஏற்றிய மீன்பிடிப் படகு ஒன்று கரையைக் காணமுன்பே கவிழ்ந்துவிட்டதாம். சிலர் தப்பினார்களாம். தொலைக்காட்சியில் ஒரு சொல் வரவில்லை. ஆட்களை ஏற்றி அனுப்புகிற எங்கள் ஏஜென்சிக்காரன், "அப்பிடி ஒண்டுமில்லை, வேறை இடத்திலை இறக்கிக் கிடக்கு, நீங்கள் வாயைத் திறக்காமல் இருங்கோ" என்று போனை வைத்துவிட்டான். குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிசிடம் கேட்கலாமென்றால் எங்கள் இருவரிடமும் பெர்மெஸ்ஸோ, அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி, இல்லை. அண்ணாவைக் கேட்கப் போய் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் தேடுவதற்கும் ஆளில்லாமல் போய்விடும்.

எனக்கு அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் அந்தரமாக இருக்கிறது. கீழே தெருக்கதவு மணி அடித்தால் பொலிசோ அண்ணாவோ என்று படிவாசலுக்கு ஓடுவேன். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். சிஞ்ஞோராவின் பளிங்குத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பேன், துடைத்த இடத்தையே மூன்றாந்தரமும் துடைத்துக்கொண்டிருப்பது பிறகுதான் தெரியும். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்த அம்மா, நெஞ்சு நோவுக்குக் குளிசை போட்டபடி, ஞாயிற்றுக்கிழமைதோறும் போனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். அவருக்கு என்ன சொல்வது? அண்ணா இருக்கிறாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வியைத்தான் அம்மாவும் மச்சாளும் நானும் விழுங்கிக்கொண்டிருந்தோம். அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. உயிரோடு இருக்கிறவருக்கு அழுதால் அது அபசகுனம் அல்லவா?

தப்பியவர்களைக் கண்டுபிடிக்கும் வழியை மச்சாள்தான் யோசித்தார். "ஒளிச்சிருக்கிறவையை வீடுவீடாத் தேடிக் காணேலாது. அவை தாங்களாய் வாற இடத்திலை போய் நிக்கவேணும்" என்றார். பலேர்மோ நகரத்தின் காவல் புனிதைக்கு மலையில் ஒரு குகைக் கோயில் உண்டு. எங்கள் சைவச் சனம் ஞாயிறு தவறாமல் அந்த மலை ஏறும். ஊரில் நல்லூரானுக்கு வைத்த நேர்த்தியை இங்கே அந்தத் தாயாருக்கு வைக்கும். "கடலிலை கிடந்து தப்பினவன் ஒரு நேர்த்தியும் வைக்காமல் இருந்திருப்பானோ? நேர்த்தி வைச்சவன் வந்துதானே ஆகவேணும்." அப்படியே நடந்தது. மெழுகுதிரி விற்கிற இடத்தில் நின்று, புது முகமாய், இரவல் கோட்டோடு, அந்தக் குளிரில் செருப்பில்லாமல் மலையேறி வருகிறவர்களைக் கவனித்தோம். நாலாவது ஞாயிறு முதல் ஆள் வந்தார்.

அவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். பெயரை எழுத மாட்டோம் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்த பிறகு வியாழன் பின்னேரம் தன் அறைக்கு வரச் சொன்னார். கடதாசிகள் ஒழுங்காயுள்ள ஆள் ஒன்று கூட இருந்தால் நல்லதென்று மொரீசியஸ் அக்காவும் வந்தார். எல்லா இடத்துக்கும் பிறகு அவரும் சேர்ந்தே வந்தார். நான் கொப்பியை மடியில் விரித்தேன். மச்சாள் கேட்டார்: என்னைக் காட்டி, இவவின் அண்ணரை, என்ரை மனிசனைக் கண்டீர்களா, என்ன சேட்டுப் போட்டிருந்தார், எந்தப் பக்கம் இருந்தார், என்ன கிழமை? அந்த மனிதர் மச்சாளை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓம் அக்கா, வடிவாத் தெரியும். நெடுவலான ஆள், பகிடி விடுறவர். படகு பிரண்ட பிறகும் கண்டனான். வெள்ளைக் கப்பல் ஒண்டு வந்தது, கயிறு போட்டு அவரை ஏத்தினவை. யோசியாதேங்கோ, எங்கையோ கொண்டுபோய் வைச்சிருப்பினம்." நான் ஒரு எழுத்து விடாமல் எழுதினேன். திரும்பி வரும்போது எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. சந்தையில் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

இரண்டாவது ஆளும் மலையில்தான் அகப்பட்டார். அண்ணாவை ஒரு மீன்பிடிப் படகு எடுத்துக்கொண்டு போனதைத் தன் கண்ணால் கண்டதாகச் சொன்னார். மூன்றாவது ஆள், மேலே சுற்றிய ஹெலிகொப்டரிலிருந்து ஆள் இறங்கி அண்ணாவைத் தூக்கியதாகச் சொன்னார். கொப்பியில் மூன்று பக்கம் நிறைந்துவிட்டது. மூன்று சாட்சி. எனக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றிரவு மச்சாள் மூன்று பக்கங்களையும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினார். "மூண்டு பேரும் உம்முடைய கொண்ணரை மூண்டு விதமாக் காப்பாத்திப் போட்டினம்" என்றார். "ஒரு மனிசனைக் கடலாலை எத்தினை தரம் எடுக்கிறது?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நல்லது சொன்னாலும் உங்களுக்குப் பிடியாது, கடலில் கிடந்தவனுக்குக் கப்பலா படகா என்று கண் தெரியுமா, ஆள் தப்பியது தெரிந்தால் போதாதா என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். சத்தம் கேட்டு வந்த மொரீசியஸ் அக்கா விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு மச்சாளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவர்கள் கதைத்தது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டதும் மூன்று பேரும் முதலில் உன் நெற்றியைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தார்கள்."

மச்சாளின் நெற்றியில் எப்போதும் பெரிய குங்குமப் பொட்டு இருக்கும். சிஞ்ஞோரா கேலி செய்தபோதும் அதைச் சின்னதாக்காதவர். அக்கா சொன்னதும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. எங்கள் சனம் சாவுச் செய்தியை நேரே சொல்லுமா? ஆளுக்குக் கடுமை என்று சொல்லும், ஆஸ்பத்திரியில் என்று சொல்லும், படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு வரும், பந்தலைக் கண்டுதான் வந்தவருக்குத் தெரியும். பொட்டோடு இருக்கிற பெண்ணுக்கு முன்னால் நின்று, உன் மனிசன் போய்விட்டான் என்று சொல்கிற முதல் வாயாக இருக்க எவருக்கு மனம் வரும்? இரக்கத்தில்தான் பொய் சொன்னார்கள். அந்த இரக்கம் எங்களை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

பக்கத்து ஊரான பகேரியாவில் இன்னொருவர் இருப்பதாக மூன்றாவது ஆள் சொல்லியிருந்தார். பழைய வில்லா ஒன்றில் தோட்டவேலை. நாங்கள் இரண்டுதரம் ஆள் விட்டுக் கேட்டும் சந்திக்க விருப்பமில்லை என்றே பதில் வந்தது. அடுத்த ஞாயிறு காலை, ரயிலுக்கு வெளிக்கிடும்போது மச்சாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஈரத் துவாயால் பொட்டை அழித்தார். தாலிக்கொடியைச் சுவெட்டருக்குள் தள்ளிக் கழுத்துவரை பொத்தானைப் பூட்டினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அண்ணாவை நீங்களே கொல்லுறியள் மச்சாள்." அவர் என் கையை மெல்ல விலக்கினார். "உயிரோடை இருந்தா நான் பொட்டழிச்சதாலை சாகமாட்டார். இல்லையெண்டா நான் வைச்சிருக்கிறதாலை வரப்போறதும் இல்லை. எனக்குத் தெரிய வேணும். இப்பிடி இருக்கேலாது, எனக்கு விசர் பிடிச்சிடும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "உமக்குக் கொண்ணற்றை முகவெட்டு. நீர் முன்னுக்கு வரப்படாது. அக்காவோடை இருந்து இத்தாலியன் கதையும். தமிழ் விளங்காத ஆள்போல இரும்" என்றார்.

நான் அப்படித்தான் போனேன். தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு, வில்லாவின் பின்பக்கம் எலுமிச்சை மரத்தடிக் கல்லில், அந்த மனிதருக்கு முதுகைக் காட்டி, மொரீசியஸ் அக்காவின் பக்கத்தில் இருந்தேன். அந்த மனிதர் ஐம்பதை நெருங்கியவர். வாசலிலேயே எங்களைத் திருப்பி அனுப்பத்தான் வந்தார். மச்சாள், "என்ரை மனிசனும் அந்தப் படகிலைதான் வந்தவர்" என்றார், அவ்வளவுதான். நெற்றியைப் பார்த்தார். பேரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. கதிரை இழுக்கும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"உம்முடையவர் எந்தப் பக்கம் இருந்தவரோ தெரியாது பிள்ளை. கீழ்த்தட்டிலை இருந்த ஆக்கள் ஒருத்தரும் மேலை வரேல்லை. அது ஒரு நொடியிலை முடிஞ்சுது. ஆக்கினைப்பட்டதெல்லாம் மேலை இருந்த நாங்கள்தான்." கதிரை ஒருதரம் கிரீச்சிட்டது. "என்னோடை ஒருத்தர் கிடந்தவர். நெடுவலான ஆள். ரெண்டு பேரும் ஒரு வெறும் பிளாஸ்டிக் தண்ணிக் கானைப் பிடிச்சுக்கொண்டு விடியக் காலமை துவங்கி வெய்யில் ஏறுமட்டும் கிடந்தம். ஓயாமல் கதைச்சுக்கொண்டு கிடந்தார். மனிசி பலேர்மோவிலையாம். வியாழக்கிழமை பின்னேரம்தான் அவவுக்கு லீவாம், வியாழக்கிழமையாப் போய்ச் சேர்ந்தா நல்லதாம், மற்ற நாளெண்டா வாசல்லை காவல் நிக்கவேணுமாம். இண்டைக்கு என்ன கிழமை அண்ணை எண்டு கேட்டார். செவ்வாய் எண்டன். அப்ப நேரம் கிடக்கு எண்டார்."

மொரீசியஸ் அக்கா தோடம்பழம் ஒன்றை உரித்து என் கையில் வைத்தார். நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பக் கூடாது, தோள் குலுங்கக் கூடாது, தமிழ் விளங்கக் கூடாது. அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் என் முகம் அவருக்கு முன்னால் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இத்தாலியனில் ஏதேதோ கதைத்தார். சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறியதை, சிஞ்ஞோராவின் பூனை குட்டி போட்டதை. நான் இத்தாலியனில் ஓம் என்பதற்குச் சீ, சீ என்று தலையாட்டினேன்.

"பிறகு கதை குறைஞ்சுது," என்றது பின்னாலிருந்த குரல். "கை விறைக்குது அண்ணை எண்டார். நான் ஒரு கையை விட்டிருந்தால் அவரைப் பிடிச்சிருக்கலாம். கான் பிரண்டுபோமெண்ட பயம். பிடிக்கேல்லை பிள்ளை. என்ரை கண்ணுக்கு முன்னாலை போனவர். பிறகு கொஞ்ச நேரத்திலைதான் மீன்காரர் வந்தவை. நான் இதை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவற்றை மனிசி என்னைத் தேடுறாவாம், ரெண்டு தரம் ஆள் விட்டவ. நான் எந்த முகத்தோடை அந்தப் பிள்ளையைப் பாக்கிறது? நீர் பலேர்மோவிலைதானே இருக்கிறீர். எங்கையேன் அவவைக் கண்டா இதைச் சொல்லிப் போடாதையும்."

"ஓம் அண்ணை. சொல்லமாட்டன்" என்றார் மச்சாள். அவர் எழும்பி, அந்த மனிதரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்ததும், நன்றி சொல்லி விடைபெற்றதும் எனக்குக் கேட்டது. ரயிலேறிப் பலேர்மோவுக்குத் திரும்பினோம். கொப்பி என் பையில் இருந்தது. நாலாவது பக்கத்தில் நான் எதுவும் எழுதவில்லை. போன வருடம் பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று, அப்படித் தப்பியவர்கள் சொன்னதையெல்லாம் சேர்க்கிறேன் என்று ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தபோதும் அந்த முதல் மூன்று பக்கங்களைத்தான் வாசித்துக் காட்டினேன். கண்ணால் கண்டவர் சொன்னதை எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு ஞாயிறு. அம்மா போனடியில் இருப்பார். ஸ்டேஷனுக்கு முன்னாலிருந்த போன் கூண்டுக்குள் நானும் மச்சாளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். உண்மையைச் சொல்லத்தான் போன் எடுத்தேன், இதை யார் என்றாலும் நம்புங்கள். ஒரு மணி முழுதாக அடிக்கமுன் அம்மா எடுத்துவிட்டார். "பிள்ளை, ஆரேன் கண்டவையோ?" என்றார். அந்தக் குரலுக்கும் மச்சாளுக்கு இருந்ததைப் போல ஒரு நெற்றி இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்ல? என் வாய் தானாகத் திறந்து முதலாம் பக்கத்தை ஒப்புவித்தது. வெள்ளைக் கப்பல் ஒன்று வந்ததாம், கயிறு போட்டு ஏற்றினார்களாம், எங்கேயோ ஒரு நாட்டில் வைத்திருக்கிறார்களாம். "கண்ணாலை கண்டவரோ?" என்று கேட்டார் அம்மா. "ஓம் அம்மா, கண்ணாலை கண்டவராம்." பொய்யர்கள் என்று அந்த மூன்று பேரையும் ஒரு கிழமையாகத் திட்டித் தீர்த்தவள் நான். மச்சாள் என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் எனக்குத்தான் வந்தது, அவருக்கு வரவில்லை.

மறுநாள் விடிய, வேலைக்குப் போகமுன், அவர் கண்ணாடிக்கு முன்னால் நின்று பொட்டு வைத்தார். முன்னைவிடப் பெரிதாக வைத்தார். "இஞ்சை ஆரேன் என்னை வெறும் நெத்தியோடை கண்டா ஒரு கிழமைக்குள்ளை வெள்ளவத்தைக்குக் கதை போயிடும். மாமி இருக்குமட்டும் இப்பிடியே இருக்கட்டும்" என்றார். நான் ஒரு நிமிடத்தில் சொன்ன பொய்யை அவர் ஏழு வருடம் சுமந்தார். என்னை ஒருநாளும் ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. கலியாணவீடுகளில் சுமங்கலியென்று ஆலாத்தி எடுக்கக் கூப்பிடுவார்கள். பொம்பிளை மாப்பிளைக்கு ஏதும் தீங்கு வந்துவிடுமோ என்று அவருக்கு உள்ளூர நடுக்கம். இடுப்பு நோகுது, தலை சுத்துது என்று ஒவ்வொரு தரமும் ஒரு சாட்டுச் சொல்லி மூலையில் போய் இருந்துவிடுவார். அம்மாவோடு போனில், "மாமி, அவரிட்டையிருந்து இன்னும் கடிதம் வரேல்லை, வரும்" என்று சொல்வார். எங்கள் அறைச் சுவர் மெல்லியது. ஒரு நாள்கூட அவர் அழுத சத்தம் மொரீசியஸ் அக்காவின் பக்கம் கேட்கவில்லை.

அம்மா செத்த செய்தி ஒரு வியாழன் பின்னேரம் வந்தது. அதையும் எங்களுக்கு நேரே சொல்லவில்லை, அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமை என்றுதான் போனில் சொன்னார்கள். மச்சாள் என் கையிலிருந்து றிசீவரை வாங்கி, "எத்தினை மணிக்கு?" என்று கேட்டார். அந்தப் பக்கம் றிசீவர் கை மாறியது. பிறகு நேரத்தைச் சொன்னார்கள். மச்சாள் றிசீவரை வைத்தார். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார், நெற்றியையும் சேர்த்துக் கழுவினார். வந்து அறையின் நடுவில் நிலத்தில் இருந்தார். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினார்.

நாலு மாடிக்கும் கேட்டது. ஒழுங்கையில் இருந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள், பல்லாரோவிலிருந்து வேலை உடுப்போடேயே வந்தார்கள். மச்சாள் நெஞ்சில் அடித்து, தலைமயிர் அவிழ்ந்து விழ, ஊரில் அழுவதுபோல ஒப்பாரி வைத்து அழுதார். "ஒரு வியாழக்கிழமை வாறனெண்டியளே, வியாழக்கிழமை வந்திட்டுதே" என்று அழுதார். மாமி சாவுக்குள் என்ன வியாழக்கிழமைக் கதை என்று யாரும் யோசிக்கவில்லை. மொரீசியஸ் அக்கா மட்டும் என்னைப் பார்த்தார். பெற்ற மகள் நான் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றேன். ஒரு பெண் மச்சாளைத் தூக்கிப் பிடிக்கப் போனார், தண்ணீர் கொடுத்து அழுகையை நிறுத்தப் பார்த்தார். "மாமிக்காக இப்பிடி அழுற மருமகளை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை" என்றார் என்னிடம்.

"அவவை விடுங்கோ," என்றேன். "அழட்டும்."